பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும் முன்: உள்ளே குடியிருக்கும் உயிர்களுக்கு வழிவிடுவது எப்படி

தை மாதம் கல்யாணம். நாலைந்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஐயா வீட்டைத் திறந்து, உடைந்த ஓட்டை மாற்றி, வெள்ளையடித்து, பங்காளிகள் வந்து இறங்குவதற்குள் படுக்க இடம் பண்ண வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வீடு உள்ளவர்கள் எல்லோருக்கும் இந்த அவசரம் தெரியும். அந்த அவசரத்தில் நாம் முதலில் செய்வது, வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு போன் போட்டு, "எலி மருந்து வாங்கி மூலைக்கு மூலை வைத்துவிடுங்கள், ஓட்டில் இடுக்கு எங்கெல்லாம் இருக்கோ அடைத்துவிடுங்கள், நாங்கள் வரும்போது சுத்தமாக இருக்கட்டும்" என்று சொல்வதுதான். இதைப் படித்து முடிக்கும் வரை அந்த போனைப் போடாதீர்கள்.

நான் போட்டேன். கொத்தனார் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து இடுக்கு எல்லாவற்றையும் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டுப் போனார், வேலை சுத்தமாக இருந்தது. ஐந்தாறு நாளில் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், அதாவது உள்பகுதியில், நிற்க முடியாத நாற்றம். மச்சுப் பலகை இரண்டைப் பெயர்த்துப் பார்த்தால் ஒரு தாய் மரநாயும் மூன்று குட்டிகளும். மரநாய் பகலில் தூங்கும், இரவில்தான் வெளியே போகும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அடைத்த இடத்தைச் சுற்றி பர்மாத் தேக்குப் பலகையில் நகம் கீறிய கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு முழ நீளத்துக்கு. அந்தப் பலகையை நான் மாற்றவில்லை, இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம் எங்கள் வீடும் சொந்தக்காரர் வீடுகளுமாகப் பல வீடுகளைத் திறந்துவிட்டேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் திறந்தால் எதையும் காப்பாற்ற முடியாது. மூன்று மாதம் முன்னால் ஒரு தடவை போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் குறைந்தது ஒன்றரை மாதம். போகிற அன்று எதையும் தொடவோ கூட்டவோ வேண்டாம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வளவு வாசலில், அதாவது நடு முற்றத்தில், விளக்குப் போடாமல் உட்காருங்கள், இன்னொருவரை வீட்டுக்கு வெளியே ஓட்டுச் சரிவு தெரிகிற மாதிரி நிறுத்துங்கள், எட்டு மணி வரைக்கும் பேச்சே கூடாது. பொழுது சாய்ந்ததும் வௌவால் கிளம்பும். நன்றாக இருட்டியதும் கூகை என்கிற ஆந்தை, சத்தமே இல்லாமல் வெள்ளையாக ஒன்று முற்றத்தைத் தாண்டிப் போகும், கண்ணிமைத்தால் தவறிவிடும். மரநாய் இன்னும் தாமதம், ஓட்டின் மேல் நடக்கும் சத்தம்தான் முதலில் கேட்கும். யார் எந்த இடுக்கு வழியாகப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் எச்சங்களைப் பாருங்கள். நாவல் கொட்டையும் அத்தி விதையுமாக இருந்தால் மரநாய். சின்னச் சின்னதாக, தொட்டால் பொடிந்து பூச்சிச் சிறகு மினுங்கினால் பூச்சி தின்னும் வௌவால். கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டை, உள்ளே மயிரும் எலும்பும் என்றால் கூகை. பாம்புச் சட்டை கிடந்தால் அந்த அறையில் அதோடு வேலையை நிறுத்திவிட வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

மரநாயை வெளியேற்றக் கூண்டு வேண்டாம், பட்டாசும் வேண்டாம். அதற்கு வேண்டியது இருட்டும் அமைதியும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் தானாகவே வேறு இடம் பார்க்கும். மச்சுக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டு ராத்திரி பகல் எரிய விடுங்கள், பக்கத்தில் ஒரு ரேடியோ பேசிக்கொண்டே இருக்கட்டும். குட்டி இருந்தால் தாய் வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றும், அதற்கு நாலைந்து ராத்திரி ஆகும், அந்த நேரத்தில் கீழே யாரும் நடமாடக் கூடாது. போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? அது வந்து போகும் இடுக்கில் கோலமாவைச் சலித்து மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் தடம் பார்க்கலாம், ஐந்து விரலும் நகமும் அச்சாகப் பதிந்திருக்கும். தொடர்ந்து மூன்று ராத்திரி மாவு கலையாமல் இருந்தால் நாலாம் நாள் கம்பி வலை வைத்து அடைக்கலாம். அப்போதும் உள்ளே டார்ச் அடித்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான்.

கூகைக்கு வருகிறேன், எனக்கு ரொம்பவும் மனதுக்கு நெருக்கமானது இதுதான்.

எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒரு மார்கழியில் போன் பண்ணினார். "ஆச்சி, மெத்தையில யாரோ பெருமூச்சு விடுறாங்க, நான் இனிமே ராத்திரி அங்கன படுக்க மாட்டேன்." மெத்தை என்றால் எங்கள் பக்கம் மாடி. போய்க் கதவைத் திறந்தேன். குக்கரில் வெயிட் தூக்குவதற்கு முன்னால் ஆவி சீறுமே, அதே சத்தம், நாலு திசையிலிருந்தும். ஒரு பழைய பெட்டகத்துக்குப் பின்னால் நாலு குஞ்சு, பஞ்சு மாதிரி வெள்ளை முடி, இதயம் போன்ற முகம், நாலும் நாலு அளவு. தலையைக் கீழே தொங்கவிட்டு இடவலமாக ஆடிக்கொண்டே சீறின. பயத்தில்தான் அப்படிச் செய்கின்றன. கூகை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொரு முட்டையாக இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும், அதனால்தான் அண்ணன் தம்பி மாதிரி அளவில் ஏற்ற இறக்கம். கீழே கிடந்த உருண்டை ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்துப் பார்த்தோம். மூன்று எலி மண்டை ஓடுகள், மஞ்சள் முன்பற்கள் உதிராமல் அப்படியே இருந்தன. ஒரே உருண்டையில் மூன்று. "இதுக்கா நான் பயந்தேன்?" என்றார் அண்ணன். அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவரே அந்தக் கதவுக்குக் காவல்.

அடைகாப்பு ஒரு மாதம், குஞ்சு பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம். ஆக, முட்டையில் கண்டால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். முழு வீட்டையும் நிறுத்தத் தேவையில்லை, அந்த ஒரு அறையை மட்டும் சாத்திவிட்டு மற்ற இடத்தில் வேலை நடக்கட்டும். அது வந்து போகும் சன்னலோ காற்றுவழியோ திறந்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் சாரம் கட்டக் கூடாது. பெயிண்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், வெள்ளையடிக்கிற பையன்கள் செல்போனோடு உள்ளே போய்ப் படம் எடுப்பதுதான் பெரிய தொந்தரவு. குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் ஒரு துண்டைப் போர்த்தி எடுத்துப் பழைய இடத்திலேயே வையுங்கள், மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மை இல்லை. பாலும் சோறும் கொடுக்கவே கூடாது. குஞ்சுகள் எல்லாம் பறந்த பிறகு அந்த இடம் உங்களுக்கு வேண்டும் என்றால், அடைப்பதற்கு முன்னாலேயே பக்கத்தில் உயரமாக ஒரு மரப்பெட்டி மாட்டுங்கள். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், வாசல் ஆறு அங்குலம், அடியில் கொஞ்சம் மரத்தூள். எலித் தொல்லை உங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, தெருவுக்கே குறையும்.

கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று ஆயா சொல்லி நானும் கேட்டுத்தான் வளர்ந்தேன். சொல்கிறவர்களிடம் சண்டை போட வேண்டாம், அந்த உருண்டையைப் பிரித்துக் காட்டுங்கள், போதும். ஆனால் இன்னொரு வகை ஆள் வருவார். "அந்த ஆந்தையை நான் பிடித்துக்கொண்டு போகிறேன், காசு வேண்டாம்" என்பார். கொடுத்துவிடாதீர்கள். மாந்திரீகம், புதையல் என்று சொல்லி ஆந்தைகளைக் காசுக்கு விற்கும் கூட்டம் நாடு முழுக்க இருக்கிறது. மண்ணுளிப் பாம்பை 'இரட்டைத் தலைப் பாம்பு' என்று சொல்லி லட்சக் கணக்கில் பேரம் பேசுவதும் இதே கூட்டம்தான். அப்படி யாராவது கேட்டு வந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்போது எலி மருந்து. கடையில் கேக் மாதிரி விற்கிறார்களே, புரோமாடியோலோன் என்று அட்டையில் போட்டிருக்கும், அதைத் தின்ற எலி அன்றைக்கே சாகாது. உடம்புக்குள் ரத்தம் உறையாமல் போய் நாலைந்து நாள் தள்ளாடித் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் கூகைக்கும் மரநாய்க்கும் தெருப் பூனைக்கும் முதலில் கிடைக்கும். அந்த விஷம் ஈரலில் தங்கும், தின்றதும் அதே மாதிரி உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். எலியைக் குறைக்க வைத்த மருந்து எலி தின்கிறவர்களைக் கொன்றுவிட்டால், அடுத்த வருஷம் எலி இன்னும் அதிகம். ஒட்டுப் பொறி அதைவிட மோசம். பல்லி, ஓணான், குருவிக் குஞ்சு, குட்டிப் பாம்பு எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இரண்டு நாள் கிடக்கும். ஏற்கெனவே எதாவது ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விரலால் நீவினால் விட்டுவிடும், அது விஷப் பாம்பாக இல்லாத வரை. எலிக்குப் பழைய கூண்டுப் பொறியே போதும். அப்புறம் கதவடி இடைவெளிக்குத் தகரம், களஞ்சியத்தில் பழைய நெல் இல்லாமல் பார்த்துக்கொள்வது.

வௌவாலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான இனங்கள் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும், ஆகவே ஒரு அறை வௌவாலைப் புகை போட்டுக் கொன்றால் அந்தக் கூட்டம் மீண்டு வரப் பல வருஷம் ஆகும். தாய் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள், இருந்தால் தள்ளிப்போடுங்கள். இல்லையென்றால் அது வெளியேறும் வழிக்கு மேல் ஒரு கொசுவலைத் துணியை மேற்புறமும் பக்கவாட்டும் ஆணியடித்து, கீழ்ப்புறம் இரண்டடி தளர்வாகத் தொங்கவிடுங்கள். வெளியே போகும்போது துணிக்கு அடியால் நழுவிப் போய்விடும், திரும்பி வர வழி தெரியாது. ஒரு வாரம் கழித்து அடைக்கலாம். புழுக்கையைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, நல்ல முகக்கவசம் போட்டு அள்ளுங்கள். வெறுங்கையால் எந்த வௌவாலையும் தொட வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குருவிக் கூடு மின்பெட்டிக்குள்ளோ மாட்டியிருக்கும் படத்துக்குப் பின்னாலோ இருந்தால் குஞ்சு பறக்கும் வரை, நாலைந்து வாரம், அந்த ஒரு சுவிட்சை விட்டுவிடுங்கள். நம் சிவகங்கை மாவட்டத்தில் பொத்தக்குடி என்ற ஊரில் 2020இல் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேல், ஊரே தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயத்துக்கு வந்து கூடு கட்டும் நாரைக்கும் கொக்குக்குமாகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. 1977இல் அது சரணாலயம் ஆனது. அதன் பிறகும் அந்தப் பறவைகளுக்கு நிஜமான காவல் அந்த ஊர் ஜனங்கள்தான். அவ்வளவு பேர் ஊராகச் சேர்ந்து செய்ததை ஒரு வீட்டுக்காரர் ஒரு அறைக்குச் செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, பாம்பு. பின்கட்டில் விறகு, உடைந்த ஓடு, பழைய சாக்கு குவிந்திருக்கும் இடம்தான் அதற்குப் பிடித்தது. கையை விடுவதற்கு முன்னால் நீளக் கம்பால் தரையைத் தட்டுங்கள், காலில் பூட்ஸ், நல்ல டார்ச், குவியலை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், மண்வெட்டியால் வாரக் கூடாது. பாம்பைக் கண்டால் பத்தடி தள்ளி நின்று ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும், இன்னொருவர் 101 தீயணைப்புக்கோ வனத்துறைக்கோ கூப்பிடட்டும். சுற்றியுள்ள கதவைச் சாத்தி, கதவடியில் ஈரத் துணியை அடைத்துவிட்டால் அது அந்த அறையை விட்டுப் போகாது. வருகிறவரிடம் "கொஞ்சம் படம் எடுக்க வையுங்கள்" என்று கேட்காதீர்கள், நேராகப் பையில் போட்டுக்கொண்டு போகட்டும். சாரைப்பாம்பைக் கொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு விஷமே கிடையாது, அதன் சாப்பாடே எலிதான். ஓநாய்ப் பாம்பு என்று ஒன்று, அதற்கும் விஷம் கிடையாது, பட்டை பட்டையாக இருப்பதால் கட்டுவிரியன் என்று நினைத்து அடிக்கிறார்கள். அதற்காக நீங்களே அடையாளம் பார்க்கக் கிட்டப் போக வேண்டாம்.

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் இந்த நாலின் விஷத்துக்குத்தான் நம் நாட்டு விஷமுறிவு மருந்து தயாராகிறது, அந்த விஷத்தைப் பெருமளவு எடுத்துக் கொடுப்பது செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வரும், கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், விடிகாலை வயிற்றுவலி, கண் இமை தானாக மூடுவது என்றுதான் தெரியவரும். கல்யாண வீட்டில் பத்துப் பேர் வரிசையாக ஆத்தங்குடித் தரையில் பாய் போட்டுப் படுப்பது நம் வழக்கம். திறந்த முதல் சில நாட்களுக்காவது கட்டிலும் கொசுவலையும், வலை ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகி. கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கடித்த பாம்பைத் தேடி அடிக்கவும் போகாதீர்கள். ஆளை அசையாமல் படுக்க வைத்து 108, நேராக அரசு மருத்துவமனை. 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடி கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மரநாய், கூகை, நல்ல பாம்பு, சாரை, உடும்பு, மயில், கிளி எல்லாம் வருகின்றன. சொந்த வீட்டுக்குள் இருந்தாலும் கொல்லவோ பிடித்து வைத்துக்கொள்ளவோ கூடாது. 2022இல் திருத்திய சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் குறைந்தது மூன்று வருஷம் சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அடிபட்ட குஞ்சை எடுத்து நாமே வளர்ப்பதும் இதில் அடக்கம், அன்றைக்கே பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்றும் நம் வீடுகளில் உண்டு. முகப்பில் மான் கொம்பு, பெட்டகத்துக்குள் தந்தப் பொம்மை, எங்காவது ஒரு புலித்தோல். ஐயா காலத்தில் தப்பில்லாமல் வந்ததாகவே இருக்கலாம். ஆனால் உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், விற்பது சான்றிதழ் இருந்தாலும் குற்றம். அறிவிக்காமல் இருந்தவர்களுக்கு 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அது எப்போதோ முடிந்துவிட்டது. சான்றிதழ் உள்ள பொருள் வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒரே நல்ல வழி, மாவட்ட வன அலுவலரிடம் எழுதிக் கொடுத்து ஒப்படைப்பது, பணம் ஒன்றும் கிடைக்காது. பழம்பொருள் வாங்க வருகிறவரிடம் கதவு தூணோடு சேர்த்து இதையும் தள்ளிவிட்டால், இன்றைக்கு எங்கோ ஒரு யானையைக் கொன்று எடுத்த தந்தமும் அதே "பழைய சாமான்" பெயரில் விலைபோக நாமே வழி செய்கிறோம். தானாக உதிர்ந்த மயிலிறகுக்கு மட்டும் உள்நாட்டில் விலக்கு உண்டு, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, சிங்கப்பூர் போகிறவர்கள் கவனிக்க.

பின்கட்டுக் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுவிடுங்கள். போட முடியாவிட்டால் முடிச்சுப் போட்ட தடித்த கயிறு ஒன்றைத் தண்ணீர் வரைக்கும் தொங்கவிடுங்கள், விழுந்த கீரியோ பூனையோ பிடித்து ஏறும்.

கல்யாணம் முடிந்து பூட்டுகிற நாளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். வேனில் சாமான் ஏற்றிக்கொண்டே, விளக்கை அணைத்து, நிலைக்கதவை இழுத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புவோம். அந்தப் பத்து நாளும் எச்சில் இலைக்கு வந்து பழகிய தெருப்பூனை எந்த அறையில் குட்டி போட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பூட்டுவதற்கு முந்தின ராத்திரி அறை அறையாக, பெட்டகத்துக்கு அடியிலும் படிக்கட்டு இடுக்கிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பூட்டியதும் கால்மணி நேரம் வெளித் திண்ணையில் உட்கார்ந்து காது கொடுங்கள், மியாவ் என்று சத்தம் வந்தால் திறந்து எடுத்துவிட்டுப் போகலாம். சாவியை வாங்கிக்கொள்கிறவரிடம், மறுநாளும் மூன்றாம் நாளும் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மெத்தையில் கூகை வந்து போகும் அந்த ஒரு காற்றுவழியை மட்டும் சாத்த வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை நான் சொல்லவே வேண்டியதில்லை, அண்ணன் கம்பி கட்டித் திறந்தே வைத்திருக்கிறார்.